மாம்பழத்துக்கு மேல் பால்

பிள்ளைகள் எல்லாம் கொப்பளித்துத் துப்பி முடித்த பிறகு, புட்டியில் மிஞ்சியதில் ஒரு வாய் எடுத்துத் தானும் கொப்பளிப்பது மர்லுசியின் வழக்கம். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. அரசாங்கம் கொடுக்கும் மருந்து வீணாகக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் புதன்கிழமையும் பள்ளிக்கூடத்துப் படகுத்துறையில், பலகை மேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து ஒரு வாய் ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் ஆற்றில் துப்பினாள். நாக்கு எரிந்தது. உப்பும் கசப்புமாக ஏதோ ஒன்று தொண்டை வரை பிடித்துக்கொண்டது.

நான்கு வருஷமாக வாரம் தவறாமல் அதே ஃபுளோரைடு தண்ணீர். லேசாக உப்புக் கரிக்கும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. இன்றைக்கு இது என்ன ருசி?

காலையில் பொடியைக் கரைக்கும்போதே வழக்கத்தைவிட அதிக நேரம் குலுக்க வேண்டியிருந்தது இப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. பொட்டலமும் கொஞ்சம் குண்டாக இருந்தது. தேர்தல் வருஷம் அல்லவா, தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று மனதுக்குள் கிண்டல் வேறு செய்துகொண்டாள். எழுந்து போய்க் குப்பைக் கூடையில் கைவிட்டு, கசங்கிய காகிதத்தை எடுத்துத் தொடையில் வைத்து நீவினாள். அதே வெள்ளைக் காகிதம், அதே நீலக் கோடு. பழைய பொட்டலத்தில் இரண்டு கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று இருக்கும். இதில் இருபது கிராம், பத்து லிட்டருக்கு என்று இருந்தது.

அவள் கரைத்தது ஒரு லிட்டரில்.

பிரேசிலில் அமேசான் கடலைத் தொடும் மரஜோ தீவில், மூருமுரு ஓடையில் நாற்பத்தொரு வீடுகள். அத்தனைக்கும் ஒரே சுகாதாரப் பணியாளர் மர்லுசி. படகில் வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி தேதி சொல்வாள், கர்ப்பிணிகளை எடை போடுவாள். எல்லாவற்றையும்விட அவள் அதிகம் சண்டை போட்டது பிள்ளைகளின் பல்லுக்காகத்தான். தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் வாயில் சர்க்கரை போட்ட காப்பிப் புட்டியைச் சொருகிவிட்டு இறால் கூடை பார்க்கப் போகும் தாய்மார்கள் அவளைக் கண்டதும் புட்டியைப் பாவாடைக்குள் ஒளிப்பார்கள். இரண்டு வயதில் முன்பல் கறுத்து, மூன்று வயதில் வேர் மட்டும் மிஞ்சி நிற்கும் வாய்களை அவள் எத்தனையோ பார்த்துவிட்டாள். அந்த வாய்களுக்காகத்தான் இந்தப் புதன்கிழமைத் தண்ணீர். அதையே விஷமாக்கிக் கையில் கொடுத்திருக்கிறாள்.

காகிதத்தோடு வகுப்பறைக்குள் ஓடினாள். பள்ளிக்கூடம் என்றால் ஆற்றின்மேல் கால் நட்டு நிற்கும் ஒரே அறை, இருபத்துநான்கு பிள்ளைகள், ஒரு டீச்சர். செலியா டீச்சரை வாசலுக்கு இழுத்துக் காகிதத்தைக் காட்டினாள்.

"இதுக்கு என்ன பண்ணணும்?" டீச்சரின் உதடு வெளுத்துப் போயிற்று.

"துப்பினவங்களுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது. விழுங்கியிருந்தாத்தான் ஆபத்து. உடனே பால் குடுக்கணும். நிறைய விழுங்கியிருந்தா பாலைக் குடுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். பயிற்சியில அப்படித்தான் சொன்னாங்க."

பள்ளிச் சாப்பாட்டுக்கு வந்த பால்பவுடர் டின்கள் அடுக்களையில் இருந்தன. டீச்சர் பெரிய பானையில் கரைக்க ஆரம்பித்தாள். மர்லுசி பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, குரலைச் சிரமப்பட்டுச் சாதாரணமாக்கிக் கேட்டாள்.

"இன்னிக்கு மருந்தை யாராச்சும் விழுங்கினீங்களா? திட்ட மாட்டேன். உண்மையைச் சொல்லணும்."

ஒருவன் கை தூக்கினான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு கைகள். கொஞ்சூண்டு, எச்சில் மாதிரி, என்றார்கள். பால் டம்ளரை நீட்டினால் முதல் பையன் பின்னால் நகர்ந்தான்.

"நான் வர்ற வழியில மாம்பழம் தின்னேன் டீச்சர்."

"நானும்!"

"நானும் டீச்சர், மூணு!"

டிசம்பர் மாதம். மரஜோ தீவில் மாம்பழம் தின்னாத வாய் எங்கே இருக்கிறது? மாம்பழம் தின்று பால் குடித்தால் உயிர் போய்விடும் என்பது இந்த ஆற்றில் பேச்சு வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். ஒரு சின்னப் பெண் பானையைப் பார்த்தே அழ ஆரம்பித்தாள். டீச்சர் நகரத்துக்காரி, பிரம்பை எடுத்து மேஜையில் ஒரு அடி அடித்தாள். "குடிக்காதவன் என்கிட்ட சாவான்" என்றாள். குடித்தார்கள். குடித்துவிட்டு ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டு, முதலில் யார் விழப்போகிறான் என்று காத்திருந்தார்கள்.

கடைசி பெஞ்சில் கெட்லின் மட்டும் தலையைத் தூக்கவில்லை. எட்டு வயது. ஒஸ்மரினாவின் மூத்த மகள்.

"நீ விழுங்கினியாம்மா?"

"நான் கொப்பளிக்கவே இல்ல அத்தை." பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "என் டம்ளரைத் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். அம்மாதான் குடுக்கச் சொல்லிச்சு."

மர்லுசி அவள் முன்னால் குனிந்தாள். "லுவானிக்கா? அவ துப்பினாளா?"

"இல்ல. ஒரு சொட்டுகூட வீணாக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லி அனுப்பிச்சு. அதான் முழுங்கிட்டா."

லுவானிக்கு நாலரை வயது. போன மாதம்தான் மர்லுசியே தராசில் நிறுத்தினாள், பதினாறு கிலோ. கோயிலில் ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாயும் மர்லுசிதான். காலையில் துறையில் ஒஸ்மரினாவின் தோணி வந்து நின்றபோது, அக்காவோடு இறங்கிய அந்தச் சின்னது ஓடி வந்து, "ஆசீர்வாதம் ஞானம்மா" என்று கையை நீட்டியது. "கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார்" என்று தலையைத் தொட்டுவிட்டு மர்லுசி புட்டியைக் குலுக்கத் திரும்பிவிட்டாள். அரை மணி கழித்து ஒஸ்மரினா சின்னதை மட்டும் ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட்டுப் போய்விட்டாள். பள்ளியில் சேராத பிள்ளை, வேடிக்கை பார்க்க வந்தது என்று மர்லுசி நினைத்தாள்.

ஒஸ்மரினா ஏன் அப்படிச் செய்தாள் என்று மர்லுசிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கெட்லினுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிச் சீழ் வைத்தது. ஒரே இரவில் கன்னம் வீங்கிக் கண்ணை மூடிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் படகில் பிள்ளை மூச்சுக்குத் தவித்ததை ஒஸ்மரினா மடியில் வைத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சீழ் மூளைக்கு ஏறியிருக்கும் என்றார்கள். அன்றிலிருந்து அவள் சர்க்கரை டப்பாவைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சின்னவளுக்குப் புட்டியே கிடையாது. மர்லுசி சொன்னபடி முதல் பல் வந்த நாளிலிருந்து ஈரத்துணியால் துடைத்தாள், பிறகு அரிசி மணி அளவு பேஸ்ட் வைத்துத் தினம் இரண்டு வேளை தேய்த்துவிட்டாள். அப்படியும் பயம் போகவில்லை. புதன்கிழமை மருந்தைச் சின்னவளுக்கும் கொடு என்று மாசக்கணக்காக நச்சரித்தாள். ஆறு வயசு ஆகட்டும், சின்னதுக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும் என்று மர்லுசி மறுத்துக்கொண்டே வந்தாள்.

டீச்சர் பள்ளிக்கூடத்து இணையத்தில் சுகாதார நிலையத்தைக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் படகு பெரியது, ஓடைக்குள் வராது. ஓடை வாயில் வந்து நிற்கும், பிள்ளையை அங்கே கொண்டுவாருங்கள் என்றார்கள். மர்லுசி ஒரு பால்பவுடர் டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் எவெரால்டோவின் மோட்டார் தோணியில் குதித்தாள்.

"எங்க தாயி இப்படி?"

"ஒஸ்மரினா வீட்டுக்கு அண்ணே. சீக்கிரம் விடுங்க."

"தண்ணி இறங்குது. போயிடலாம், திரும்பி வர்றதுதான் பார்க்கணும்." மோட்டார் கயிற்றை இழுத்தான். டின்னைப் பார்த்தான். "அது எதுக்கு?"

சொன்னாள். எவெரால்டோ நல்ல மனுஷன், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் ஆரம்பித்தான்.

"அந்தப் பொம்பள வீட்டு வாசல்லயே மாமரம் நிக்குது. சின்னது தின்னுருக்கும். எங்க சித்தப்பா மகன் ஒருத்தன், இருபது வயசு, காளை மாதிரி இருப்பான். எருமைப் பண்ணையில வேலை. ரெண்டு பழம் தின்னுட்டு மேல ஒரு குவளை எருமைப் பால் குடிச்சான். துறையைத் தாண்டல. நுரை தள்ளிப் போயிட்டான்."

"அண்ணே, சும்மா ஓட்டுங்களேன்."

"நீ படிச்சவ, சரி. நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன்."

பயிற்சியில் நர்ஸம்மா இதைக் கேட்டுச் சிரித்தது மர்லுசிக்கு நினைவிருந்தது. அந்தக் காலத்தில் அடிமைகள் பாலைத் திருடிக் குடித்துவிடுவார்கள் என்று பண்ணை முதலாளிகள் கட்டிவிட்ட கதை, மாம்பழமும் பாலும் யாரையும் கொல்லாது என்றாள் அவள். மர்லுசியும் சேர்ந்து சிரித்தாள். வீடு வீடாகப் போய் அதையே சொல்லியும் இருக்கிறாள். ஆனால் அத்தனை பேருக்குச் சொன்னவள் தான் ஒரு நாளாவது குடித்துப் பார்த்தாளா? இல்லை. அவள் அம்மாவின் தம்பியும் அப்படித்தான் செத்தான் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். முப்பத்துநாலு வயது வரை மாம்பழம் தின்ற நாளில் அவள் பால் பக்கமே போனதில்லை.

பிள்ளை பழம் தின்றிருக்கக் கூடாது மாதாவே, என்று வேண்டிக்கொண்டே போனாள்.

லுவானி வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை மஞ்சள் சாறு வழிந்து காய்ந்திருந்தது. பக்கத்தில் வெள்ளையாகச் சப்பிப் போட்ட நாலு கொட்டைகள். ஐந்தாவது பழம் கையில், ஒரு கடியோடு நின்றுபோயிருந்தது.

"அம்மா, வயிறு வலிக்குது" என்று உள்ளே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒஸ்மரினா வெளியே வந்தாள். மர்லுசியைக் கண்டதும் முகம் மாறியது. "என்னக்கா, புதன்கிழமை நீ இந்தப் பக்கம் வர மாட்டியே?"

"லுவானி மருந்தை விழுங்கினாளா?"

"எந்த மருந்து? அவ எதுவும்..."

"கெட்லின் சொல்லிட்டா ஒஸ்மரினா. உன்னைத் திட்ட வரல. கொதிக்க வச்ச தண்ணி இருக்கா? ஒரு குவளை குடு. பால் கரைக்கணும்."

"பாலா? அஞ்சு பழம் தின்னுருக்கா! உனக்குப் பைத்தியமாக்கா?"

மர்லுசி அவள் கையைப் பிடித்தாள். "கேளு. இன்னிக்கு மருந்தைத் தப்பாக் கலந்துட்டேன். பத்து மடங்கு போட்டுட்டேன். துப்பின பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. இவ முழுசா விழுங்கியிருக்கா."

ஒஸ்மரினாவுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அது பல்லுக்கு நல்லதுதானே? நீதானே சொன்னே?"

"அளவா இருந்தா நல்லது. இது அளவு இல்ல. விஷம்."

அந்த வார்த்தையைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. ஒஸ்மரினா கையை உதறிக்கொண்டு பிள்ளையை வாரி எடுத்து இடுப்பில் வைத்துச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"கிட்ட வராத. நீயே விஷத்தைக் குடுத்துட்டு இப்ப அதுக்கு மேல பாலையும் ஊத்தணுங்கிறியா? நீயெல்லாம் ஒரு ஞானத்தாயா?"

மர்லுசி உள்ளே போய்க் குவளையும் கொதித்த தண்ணீரும் எடுத்து வந்தாள். குவளையில் பவுடரைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். அவசரத்தில் பாதி வெளியே சிந்தியது. அதற்குள் லுவானி அம்மாவின் தோளிலேயே வாந்தி எடுத்தாள். மஞ்சளாகப் பழம் வந்தது. பிறகு வெறும் நீர் வந்தது. பிள்ளையின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது.

"மருந்து ரத்தத்துல ஏறுது ஒஸ்மரினா. பால் போனா அதை வயித்துலயே பிடிச்சு நிறுத்தும். ஆஸ்பத்திரி ரெண்டு மணி நேரம். அதுவரைக்கும் இதை விட்டா நம்மகிட்ட எதுவும் இல்ல."

"குடுத்தா செத்துடுவான்னு எனக்குத் தெரியும். குடுக்கலைன்னா செத்துடுவான்னு நீ சொல்றே." ஒஸ்மரினாவின் குரல் கீச்சிட்டது. "நான் என்னத்தடி பண்ணுவேன்?"

படிக்கட்டில் ஒரு அலுமினியப் பாத்திரம் நிறையப் பழம் இருந்தது. மர்லுசி மேலே கிடந்ததை எடுத்துத் தோலோடு கடித்தாள். மென்றாள். நார் பல்லிடுக்கில் மாட்டியது. இன்னொரு கடி, இன்னொன்று, கொட்டை தெரியும் வரைக்கும் தின்றாள். பிறகு குவளையை எடுத்து வாயில் வைத்தாள். முப்பத்துநாலு வருஷத்துப் பயம் முழுக்க அங்கே வந்து நின்று உள்ளே விடமாட்டேன் என்றது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று மிடறு விழுங்கினாள். படகில் இருந்த எவெரால்டோ சிலுவை போட்டுக்கொண்டான்.

ஒஸ்மரினா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுவாளா என்று பார்த்தாள். மர்லுசியும் அதற்குத்தான் காத்திருந்தாள், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஓடையில் நீர் இறங்கிச் சேற்றின் விளிம்பு கருப்பாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் பார்க்கணும்?" என்று ஒஸ்மரினா கேட்டாள்.

"நேரம் இல்லம்மா."

லுவானி மறுபடி குமட்டினாள். இந்த முறை ஒன்றும் வரவில்லை. அவள் விரல்கள் தானாக உள்ளே மடங்கி இறுகுவதை மர்லுசிதான் முதலில் பார்த்தாள். அவள் பார்த்த இடத்தை ஒஸ்மரினாவும் பார்த்தாள். சின்னக் கையைப் பிடித்து விரித்தாள். அது மறுபடி மடங்கியது.

ஒஸ்மரினா பிள்ளையை மர்லுசியின் மடியில் வைத்தாள். குவளையைப் பிடுங்கினாள். காலையிலிருந்து அவளும் பழம்தான் தின்றிருந்தாள், உதட்டோரத்தில் மஞ்சள் காய்ந்திருந்தது. மிச்சம் இருந்ததை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"போனா மூணு பேரும் ஒண்ணாப் போவோம்" என்றாள். "எவெரால்டோ, கேட்டுக்கோ. கெட்லினை என் தங்கச்சி வீட்டுல விடணும். அவ அப்பன் மரம் ஏத்துற படகுல வேலைக்குப் போயிருக்கான், அவனுக்கு ஆள் அனுப்பு. நீ கலக்குக்கா, இன்னொண்ணு கலக்கு."

அடுத்த குவளையை நீட்டியபோது யாரும் நினைக்காத இடத்திலிருந்து மறுப்பு வந்தது. லுவானி வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"மாம்பழம் தின்னேனேம்மா" என்றாள் பல்லிடுக்கில். "செத்துடுவேன்ல?"

பிள்ளைக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவளே இப்போது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒஸ்மரினா மண்டியிட்டாள். "அம்மா குடிச்சேன் பார்த்தியா? ஞானம்மாவும் குடிச்சா. எங்களுக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"இன்னும் ஆகல" என்றாள் லுவானி.

"ஆகாது கண்ணு. அம்மா பொய் சொல்லிட்டேன். குடி."

பிள்ளை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு குடித்தது. ஒவ்வொரு மிடறுக்கும் நிறுத்திப் பார்த்தது. கால் குவளை உள்ளே போவதற்குள் மர்லுசிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் தோணி சேற்றில் தட்டியது. எவெரால்டோ இடுப்பளவு இறங்கித் தள்ளினான், ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாதது அவன் பேச்சைவிட மோசமாக இருந்தது. ஒஸ்மரினா பிள்ளையை நெஞ்சோடு சாய்த்துச் சிறு கரண்டியால் பாலைப் புகட்டினாள். பாதி வெளியே வந்தது. வெள்ளையும் மஞ்சளுமாகத் திரிந்து வந்ததைக் கண்டு மூவருமே ஒரு கணம் மூச்சை நிறுத்தினார்கள். இதுதான் அதுவா? பால் பழத்தோடு சேர்ந்துவிட்டதா? மர்லுசி மறுபடி கலக்கிக் கொடுத்தாள்.

"அக்கா," என்றாள் ஒஸ்மரினா நீரைப் பார்த்தபடி. "நீ பழத்தைத் தின்னு குடிச்சியே. ஒண்ணும் ஆகாதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

பொய் சொல்லலாம் என்று மர்லுசி நினைத்தாள். இனிமேல் இவளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றும் நினைத்தாள். "பாடத்துல சொன்னாங்க. ஆனா குடிக்கும்போது செத்துடுவேன்னுதான் நினைச்சேன்."

ஒஸ்மரினா தலையை ஆட்டினாள். "நானும்" என்றாள்.

ஓடை வாயில் ஆம்புலன்ஸ் படகு இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றிருந்தது. பிள்ளையை மாற்றி ஏற்றியபோது அதன் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. பெரிய ஆற்றில் அலையில் படகு குதிக்கும்போதெல்லாம் ஒஸ்மரினா அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்து விரித்துக்கொண்டிருந்தாள். மர்லுசி எதிரே உட்கார்ந்து பிள்ளையின் மார்பு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்தாள். அது ஒருமுறை கொஞ்சம் தாமதித்து ஏறியது. அந்தத் தாமதத்தில் அவள் தன் வாழ்நாளில் வேண்டாத புனிதர்களையெல்லாம் வேண்டினாள்.

சுகாதார நிலையத்தில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நரம்பில் கால்சியம் ஏற்றினார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். இரண்டு பெண்களையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பன்னிரண்டு மணி, ஒன்று, இரண்டு. அவ்வப்போது ஒஸ்மரினா தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதைப் பார்த்து மர்லுசியும் தன் வயிற்றைத் தொட்டாள்.

மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். லுவானி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விரல்கள் விரிந்திருந்தன. தெற்கிலிருந்து வந்த இளம் டாக்டர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"கொஞ்சம் தாமதிச்சிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும். பால்தான் காப்பாத்துச்சு. நல்ல வேளை, உடனே குடுத்தீங்க. இன்னிக்கும் நாளைக்கும் இங்கயே இருக்கட்டும்."

ஒஸ்மரினா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உடனே என்று அவர் சொன்னது அவள் முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. சுவரோடு நின்ற அந்த நிமிஷங்களை எண்ணுகிறாள் என்று மர்லுசிக்குத் தெரிந்தது.

வாய்க்குள் புண் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் விளக்கை அடித்தார். பார்த்தவர் இன்னும் குனிந்து பார்த்தார். "இருபது பல்லு, ஒண்ணுலகூட ஒரு புள்ளி இல்ல. நான் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இந்த ஆத்துல இப்படி ஒரு வாயைப் பார்த்ததில்ல. இந்தப் பிள்ளைக்கு எதுக்கும்மா மருந்து? யாரு உங்களுக்கு இவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்தது?"

ஒஸ்மரினா மோவாயால் மர்லுசியைக் காட்டினாள். அப்புறம் உட்கார்ந்து, காலையிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். மர்லுசிக்கும் அழ வேண்டும்போல் இருந்தது, ஆனால் அழும் உரிமை தனக்கு இல்லை என்று தோன்றியது.

நர்ஸ் ஒரு தாளோடு வந்தாள். "நடந்ததை எழுதி மேல அனுப்பணும். யாரால நடந்ததுன்னு பேர் கேக்குது."

"மர்லுசி" என்றாள் மர்லுசி. முழுப் பெயரையும், பணி எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "பொட்டலத்தைப் படிக்காமக் கலந்தது நான்தான்."

"என் பேரையும் எழுது" என்றாள் ஒஸ்மரினா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வேண்டாம்னு இவ மாசக்கணக்காச் சொன்னா. திருட்டுத்தனமா அனுப்பி, சொட்டுகூட விடாம முழுங்கச் சொன்னது நான்."

நர்ஸ் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "ஒரு பேருக்குத்தான் கோடு போட்டிருக்கு."

"அப்போ எழுத்தைச் சின்னதாப் போடு" என்றாள் ஒஸ்மரினா. "ரெண்டு பேரும் அடங்குவோம்."